பிரேக் நன்றாகத்தான் இருந்தது: ஏற்காடு மலைப்பாதை விபத்து ஒன்றின் ஆய்வு

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால நேரம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு சின்ன கார், கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் தாண்டிய பிறகு, மலைப்பக்கத்து வாய்க்காலில் சரிந்து பாறையை உரசிக்கொண்டு போய் நின்றது. உள்ளே ஐந்து பேர். முன் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள், சிராய்ப்போடு தப்பினார்கள். பின்னால் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. காரின் இடது பக்கம் முழுக்க நசுங்கல். முன் சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்துவிட்டது.

ஓட்டியவர் சொன்னது: "பிரேக் பிடிக்கலீங்க."

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் மெக்கானிக் சொன்னது: "பிரேக்ல ஒண்ணும் இல்ல சார். மிதிச்சா கும்முனு நிக்குது."

விபத்துச் சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக என்னிடம் வந்த கேள்வி, இந்த இருவரில் யார் சொல்வது சரி என்பது. பார்த்து முடித்தபோது இருவர் சொன்னதும் சரி என்றுதான் எழுத வேண்டியிருந்தது. ஓட்டியவர் பொய் சொல்கிறார் என்று அந்தக் குடும்பத்திலேயே சிலர் நம்பிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. அதனால் இந்த விபத்து நடந்த விதத்தை முழுதாக எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

பாதை

சேலத்திலிருந்து கோரிமேடு தாண்டி அடிவாரம் போனால், அங்கே தொடங்குகிறது பிரதான மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள். எண் கீழிருந்து மேலே போகிறது. ஆக, இறங்குகிறவருக்கு 20 முதலில் வரும், 1 கடைசியில் வரும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு. மழைக்காலத்தில் மண் சரிந்து இந்தப் பாதை அடைபட்டால் அதுதான் கை கொடுக்கும்.

பக்கத்தில் கொல்லிமலைக்கு 70 வளைவுகள் இருப்பதால், ஏற்காட்டுப் பாதையைச் சாதுவான பாதை என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். சாலை அகலமாக இருக்கிறது, தார் நன்றாக இருக்கிறது, வளைவுகளுக்கு நடுவில் நீளமான இறக்கங்கள் இருக்கின்றன. ஓட்டுவதற்குச் சுகமான இந்த நீள இறக்கங்களுக்குத்தான் இந்த விபத்தில் பெரிய பங்கு.

என்ன நடந்தது

ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஈரோடு பக்கத்துக்காரர். பல வருடமாகச் சமவெளியில் கார் ஓட்டுகிறவர், ஒரு விபத்துகூட இல்லை. குடிக்கிற பழக்கம் கிடையாது. கார் அவருடைய அக்கா மகனுடையது, ஏ.எம்.டி வகை, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே கியர் மாற்றிக்கொள்வது. மருமகன் பக்கத்து சீட்டில் இருந்தார்.

அவரிடம் உட்கார்ந்து பேசியபோது முதலில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, "நான் ஸ்பீடா வரவே இல்லீங்க சார். போர்டுல 20-னு போட்டிருந்தா 20-லதான் திருப்புனேன்." இது உண்மை என்று காட்ட ஒரு சாட்சி கிடைத்தது. இவர்களுக்குப் பின்னாலேயே இறங்கிய இன்னொரு காரில் டாஷ் கேமரா இருந்தது, ஜி.பி.எஸ் வேகமும் அதில் பதிவாகியிருந்தது. இரண்டு காருக்கும் இடைவெளி பெரும்பாலும் மாறவில்லை என்பதால் முன்னால் போன காரின் வேகமும் ஏறக்குறைய அதுதான். வளைவுகளில் 20-ஐ ஒட்டி. இடைப்பட்ட இறக்கங்களில் 40, சில இடத்தில் 45. சனி ஞாயிறில் அந்தப் பாதையில் போகிற கார்களோடு ஒப்பிட்டால் இது நிதானமான வேகம்தான்.

ஆனால் அதே பதிவில் இன்னொன்றும் தெரிந்தது. முன்னால் போன காரின் பிரேக் விளக்கு அணையவே இல்லை. வளைவுக்கு முன் எரிகிறது, வளைவில் எரிகிறது, வளைவு முடிந்து இறக்கத்திலும் எரிகிறது. எப்போதாவது ஒரு நொடி அணைந்து மறுபடி எரிகிறது. ஏரிப் பக்கமிருந்து புறப்பட்டதில் இருந்தே அவர் கால் பிரேக்கின் மேல்தான் இருந்திருக்கிறது.

"கியர் எதுல வெச்சிருந்தீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"அது தானா மாத்திக்குமே சார். D-லதான் இருந்துச்சு."

அங்கேதான் பாதி பதில் கிடைத்துவிட்டது. D-யில் இருக்கும்போது, ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல் வண்டி இறக்கத்தில் வேகம் பிடித்தால், பெரும்பாலான ஏ.எம்.டி கார்கள் மேல் கியருக்குப் போய்விடும். சமவெளியில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க அதுதான் நல்லது. மலை இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்காமல் விட்டுவிடும். அந்தக் காரில் கியர் லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் M வரும், அதாவது கியரை நாமே தேர்ந்தெடுக்கும் நிலை. கீழே தட்டி இரண்டாவது கியரில் நிறுத்தி வைக்கலாம். அந்த வசதி இருப்பது அவருக்குத் தெரியாது. கார் வாங்கிய மருமகனுக்கும் தெரியவில்லை.

அப்புறம் வரிசையாக நடந்தவை இவை. பத்தாவது வளைவுக்குக் கொஞ்சம் மேலே கருகல் வாசனை வந்திருக்கிறது. முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்ததால் அதிலிருந்து வருகிறது என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு வளைவு தள்ளிப் பெடல் "பஞ்சு மாதிரி" ஆயிற்று. வழக்கத்தைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தது. அடுத்த நீள இறக்கத்தில் பெடல் தரையோடு போய்விட்டது. மருமகன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டியின் பின்பக்கம் லேசாக அலசியது, வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்த இடத்தில் இடது கைப்பக்கம் மலை இருந்தது. ஓட்டியவர் யோசிக்காமல் அந்தப் பக்கம் ஒடித்தார்.

அந்த ஒடிப்புதான் ஐந்து உயிரைக் காப்பாற்றியது. கொண்டை ஊசி வளைவுப் பாதையில் இறங்கும்போது ஒரு வளைவு வரைக்கும் மலை இடது பக்கம் இருக்கும், அடுத்த வளைவு வரைக்கும் பள்ளம் இடது பக்கம் இருக்கும். ஒரு வளைவு முன்னால் பின்னால் நடந்திருந்தால், எதிரே ஏறி வருகிற வண்டிகளைக் குறுக்கே கடந்துதான் மலைப்பக்கம் போயிருக்க வேண்டும்.

மறுநாள் பிரேக் பிடித்தது எப்படி

ஒர்க்‌ஷாப்பில் முன் சக்கரங்களைக் கழற்றச் சொன்னேன். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க் இரண்டிலும் நீலம் ஓடியிருந்தது. இரும்பு மிதமிஞ்சிச் சூடேறி ஆறினால்தான் அந்த நிறம் வரும். பிரேக் பேடுகளில் தடிமன் போதுமான அளவு இருந்தது, ஆனால் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்துக் கெட்டிப்பட்டிருந்தது. பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. டெஸ்டரை விட்டுப் பார்த்ததில் ஈரம் 3 சதவீதத்துக்கு மேல் காட்டியது. சர்வீஸ் புத்தகத்தில் எஞ்சின் ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தார்கள். பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. பல கார் நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

டிஸ்க் சூடு பேடுக்கு ஏறி, பேடிலிருந்து பிஸ்டனுக்கு ஏறி, அங்கே நிற்கிற ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகிறது. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். குமிழியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பெடல் தரைக்குப் போய்விடும். ஒரு மணி நேரம் வண்டி நின்று ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாகும். காலையில் மெக்கானிக் மிதித்துப் பார்த்தபோது பிரேக் கும்மென்று நின்றது இதனால்தான். மாலையில் ஓட்டியவர் மிதித்தபோது பிடிக்காததும் இதனால்தான்.

மலை இறக்கத்தில் பிரேக் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு போடலாம். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை உயரத்தில் 1,000 மீட்டர் இறங்குகிறோம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படுகிற ஆற்றல், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே வண்டியை முழுசாக நிறுத்துவதற்கு வேண்டியதைப் போல் 25 மடங்கு. வண்டி லேசானதா கனமானதா என்பதால் இந்த விகிதம் மாறாது. டயர் உராய்வும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் ஏற்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் ஏற்க வேண்டும். மூன்றாவதாக ஏற்க யாரும் இல்லை. நெடுஞ்சாலையில் நூறில் போய்க்கொண்டே இருபது, இருபத்தைந்து தடவை அடுத்தடுத்து வண்டியை முட்டி நிறுத்திப் பார்க்க யாருக்கும் மனசு வராது. அந்த வேலையைத்தான் அந்த மாலையில் இரண்டு முன் டிஸ்க்கும் செய்துகொண்டிருந்தன.

இரண்டாவது கியரில் இறங்கியிருந்தால் வண்டி 25, 30-க்கு மேல் தானாக ஓடியிருக்காது. சுமையில் பெரும்பகுதி எஞ்சினுக்குப் போயிருக்கும், வளைவுக்கு முன் மட்டும் ஒரு மிதி போதுமாக இருந்திருக்கும். 40-ல் அரைமணியில் இறங்குகிற தூரத்தை 25-ல் இறங்க முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அந்தக் கூடுதல் கால் மணி நேரம் டிஸ்க் ஆறுவதற்கான நேரம்.

போர்டில் இருக்கும் 20

வளைவில் 20 என்று போடுவது யாரோ மனம்போன போக்கில் எழுதிய எண் கிடையாது. சாலை வடிவமைப்புத் தரங்களை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் அமைப்பின் மலைச்சாலை விதிகளில் கொண்டை ஊசி வளைவுக்கான குறைந்தபட்ச வடிவமைப்பு வேகமே 20 கி.மீ.தான், உள்வளைவின் ஆரம் குறைந்தது 14 மீட்டர். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20-ல் திரும்பினால் பக்கவாட்டில் தள்ளும் விசை நம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 30-ல் அது கிட்டத்தட்டப் பாதி. 40-ல் எண்பது சதவீதத்தைத் தாண்டும். காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயர்கூட அந்த அளவைத் தாங்குவது கஷ்டம், மழையில் தாங்கவே தாங்காது. வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பின் சீட்டுக் குழந்தைகள் வாந்தி எடுப்பது பெரும்பாலும் 30-ல் திருப்புகிறவர்களின் காரில்தான். உயரமான வேன், பஸ் என்றால் வழுக்குவதற்கு முன்பே கவிழ்கிற ஆபத்து உண்டு.

2024 ஏப்ரல் 30 அன்று இதே பாதையில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் கவிழ்ந்து பல உயிர்கள் போயின. அதற்குப் பிறகு ஊரில் பேச்சு முழுக்கத் தடுப்புச் சுவர் பற்றியும் வளைவு வேகம் பற்றியும் இருந்தது. அது தேவையான பேச்சுதான். ஆனால் வளைவுக்கு வரும் வரை அந்த வேகத்தை எதைக்கொண்டு கட்டுப்படுத்துகிறோம் என்பது அந்தப் பேச்சில் பெரிதாக வரவில்லை. நான் எழுதும் இந்த ஓட்டுநர் போர்டு சொன்னதைக் கேட்டார். ஒவ்வொரு வளைவிலும் 20-க்குக் கொண்டுவந்தார். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வளைவுக்கு இடையிலான 40-ம் நினைப்பதுபோல் பாதுகாப்பானது கிடையாது. பார்வைத் தூரத்துக்கான கணக்குப்படி 20 கி.மீ. வேகத்தில் நிறுத்த 20 மீட்டர் தெளிவாகத் தெரிய வேண்டும், 30-க்கு 30 மீட்டர், 40-க்கு 45, 50-க்கு 60. எதிரே வண்டி நம் பக்கம் ஏறி வந்தால் இரண்டு பேரும் நிற்க இதைப்போல் இரட்டிப்பு வேண்டும். பாறை உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் திருப்பங்களில் முப்பது மீட்டர் தெரிந்தாலே அதிகம். அந்த முப்பது மீட்டருக்குள் குரங்குக்குப் பழம் போட நின்ற கார் இருக்கலாம், காட்டுமாடு இருக்கலாம், மழை பெய்த மறுநாள் உருண்டு வந்த கல் இருக்கலாம். குரங்குக்குத் தீனி போட வளைவில் வண்டியை நிறுத்துகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. அந்த இரண்டு நிமிஷ சந்தோஷத்துக்குப் பின்னால் வருகிறவர் விலை கொடுக்கிறார்.

ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதும் பலருக்கு மரியாதைப் பேச்சாகத்தான் தெரியும். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் இது சட்டமாகவே இருக்கிறது: இரண்டு வண்டிக்கு இடமில்லாத மலைச்சாலையில் ஏறுகிறவருக்கே முன்னுரிமை. பஸ் வளைவில் திரும்ப முழு அகலமும் வேண்டும். கீழே பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு மேலேயே நின்றுவிடுவதுதான் முறை. சேலம் பஸ் டிரைவர்கள் ஒவ்வொரு வளைவுக்கும் முன் நீளமாக ஹாரன் அடிப்பது அதைச் சொல்லத்தான்.

இரு சக்கர வண்டிகள்

இந்த விபத்துக்கு நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு மலை இறங்குகிற பழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினை அணைத்தால், பிடித்து இழுக்க எதுவுமே மிஞ்சாது. எல்லாச் சுமையும் இரண்டு சக்கரத்து பிரேக் டிரம்மின் மேல் விழும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் வேகம் நன்றாகக் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் விட்டுவிடும். மெதுவாகத்தானே போகிறோம் என்று நினைக்கும் அந்த நேரத்தில் ஸ்கூட்டர் பிரேக்கை மட்டும் நம்பித்தான் இறங்குகிறது. இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்தி டிரம் ஆற விட வேண்டும். கியர் பைக் வைத்திருப்பவர்கள் இரண்டாவது கியரில் எஞ்சின் ஓட இறங்கினால் போதும்.

முடிவும் பரிந்துரையும்

காப்பீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயந்திரக் கோளாறும் தேய்மானமும் பாலிசியில் அடங்காது. ஆனால் மோதலால் வந்த சேதம் அடங்கும். டிஸ்க், பேடு, ஆயில் செலவை உரிமையாளர் ஏற்றார். பாடி வேலைக்கும் லோயர் ஆர்முக்கும் பணம் தரலாம் என்று எழுதினேன், வந்தது. பிரேக் செயலிழப்பு உண்மை, காரணம் அதிகச் சூடும் பழைய ஆயிலும், ஓட்டியவர் வேகமாக வந்ததற்கு ஆதாரம் இல்லை என்றும் அறிக்கையில் எழுதினேன். அந்தக் கடைசி வரியை அவர் தன் அக்காவுக்குப் படித்துக் காட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது? கருகல் வாசனை வந்தவுடனே, பெடல் இன்னும் நன்றாக இருக்கும்போதே, அகலமான இடம் பார்த்து ஒதுங்கி இருபது நிமிஷமாவது நிற்க வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கோணிவிடும், விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. பெடல் தரைக்குப் போய்விட்டால் வேகவேகமாகப் பலமுறை மிதிக்க வேண்டும், சில சமயம் கொஞ்சம் அழுத்தம் திரும்பும். அதோடு கியரைக் கீழே இறக்க வேண்டும், ஹேண்ட் பிரேக்கைப் பட்டன் அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். எதுவும் ஆகவில்லை என்றால் மலைப்பக்கம். எந்த நிலையிலும் நியூட்ரலுக்குப் போகக் கூடாது, எஞ்சினை அணைக்கவும் கூடாது. அணைத்தால் ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் மலைக்குப் புறப்படும் முன், வீட்டுத் தெருவிலேயே M-ஐயோ, கீழ் கியரில் நிறுத்தும் L-ஐயோ ஒரு தடவை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஷோரூமில் வண்டி கொடுக்கும்போது பாட்டு எப்படிப் போடுவது என்று பத்து நிமிஷம் காட்டுகிறார்கள். மலை இறங்க எந்த கியர் என்று ஒரு நிமிஷம் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சாலையைப் பொறுத்து எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, சாலையின் தன்மையைப் பார்த்து வேக வரம்பைக் குறைத்துப் பலகை வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. வளைவுகளுக்கு 20 என்று வைப்பது போல, இறங்கும் திசையில் இடைப்பட்ட நீள இறக்கங்களுக்கும் 30 என்று வைக்கலாம். அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் ஏறுகிறவர்களை நிறுத்திப் பார்ப்பது போல, கோடை விழா நாட்களிலும் விடுமுறை மாலைகளிலும் மேலே ஒண்டிக்கடைப் பக்கத்தில் இறங்குகிற ஒவ்வொரு கார்க்காரரிடமும் ஜன்னலைத் தட்டி ஒரே வாக்கியம் சொல்ல இரண்டு பேர் இருந்தால் போதும்: "ரெண்டாவது கியர்ல போங்க சார், ஆட்டோமேட்டிக்னா M-ல போடுங்க."